வெயில் இருக்கும்போதே புல்லைக் காயவை!
ஆங்கிலப் பழமொழிகளுக்குள் இருக்கும் விவசாயப் பாடம்

'என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். "மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்" என்ற ஆங்கிலப் பழமொழியை மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். "வெயில் அடிக்கும்போதே வைக்கோல் செய்துகொள்" என்று அர்த்தமும் எழுதிப் போட்டிருக்கிறார்கள். "வைக்கோலை யாராவது செய்வாங்களாப்பா? நெல்லு அறுத்தா அது தானா வருமே?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் எட்டாவதோடு நின்றுவிட்டவன். விவசாயப் பத்திரிகையில் இதையெல்லாம் கேட்கலாமா?'

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம் இது. தாராளமாகக் கேட்கலாம். சொல்லப்போனால், இதைக் கேட்க வேண்டிய இடமே விவசாயப் பத்திரிகைதான். அந்தப் பழமொழியை உண்டாக்கியவர்கள் வாத்தியார்கள் இல்லை. நம்மைப்போல ஆடு மாடு வைத்துப் பிழைத்த சம்சாரிகள். உங்கள் மகள் கேட்டதும் சரியான கேள்வி. தப்பு அந்த மொழிபெயர்ப்பில்தான் இருக்கிறது.

வைக்கோல் வேறு, உலர்புல் வேறு

'ஹே' என்றால் வைக்கோல் இல்லை. வைக்கோல் என்பது கதிர் அடித்தபின் மிஞ்சும் தாள். 'ஹே' என்பது மாட்டுத் தீவனத்துக்கென்றே வளர்த்து, பூக்கும் பருவத்தில் பச்சையாக அறுத்து, வெயிலில் காயவைத்து எடுக்கும் புல். உலர்புல் என்று சொல்லலாம்.

இங்கிலாந்தில் குளிர்காலத்தில் புல் வளராது. வருஷத்தில் ஐந்தாறு மாதம் மாடுகளைக் கொட்டகையிலேயே கட்டித் தீனி போட வேண்டும். அதற்கான தீனியை ஜூன், ஜூலை மாதங்களிலேயே சேர்த்துவைத்தாக வேண்டும். பச்சைப்புல்லில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு தண்ணீர். அதை 15, 20 பங்குக்குள் இறக்கினால்தான் போர் போட முடியும். அதற்கு மூன்று, நான்கு நாள் தொடர்ந்து வெயில் வேண்டும். அங்கேயோ கோடையிலும் எப்போது தூறும் என்று சொல்ல முடியாது.

அறுத்துப் போட்ட புல் நனைந்தால் சத்து கரைந்துபோகும், பூசணம் பிடிக்கும். ஈரத்தோடு போர் போட்டால் இன்னும் மோசம். உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடு ஏறும். சில வாரம் கழித்துப் போர் தானாகவே தீப்பிடித்து எரிவதும் உண்டு. புல் போனால் குளிர்காலத்துக்குத் தீனி இல்லை. மாட்டை வந்த விலைக்குத் தள்ளவோ, கறிக்கு வெட்டவோ வேண்டியதுதான்.

ஆகவே வானம் வெளுத்த அன்று வீட்டில் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். பெண்கள், பிள்ளைகள், கூலியாட்கள் எல்லாரும் வயலில்தான். 'வெயில் இருக்கும்போதே புல்லைக் காயவை' என்ற சொல் அப்படிப் பிறந்தது. 1546-ல் ஜான் ஹேவுட் என்பவர் அச்சிட்ட பழமொழித் தொகுப்பிலேயே இது இருக்கிறது. அப்படியானால், மக்கள் வாயில் அதற்கும் முன்பிருந்தே புழங்கியிருக்கும்.

இதையே நம் பெரியவர்கள் எப்படிச் சொன்னார்கள்? 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்!'

கவனித்தீர்களா? கருத்து ஒன்று, ஆனால் அவர்கள் வெயிலைச் சொன்னார்கள், நாம் காற்றைச் சொன்னோம். நமக்கு வெயிலுக்கா பஞ்சம்? தை அறுப்பு முடிந்து களத்தில் நெல் குவித்திருக்கும்போது வெயில் தாராளமாக இருக்கும். பதரைப் பிரிக்கக் காற்றுதான் வராது. முறத்தைத் தூக்கிப் பிடித்தபடி காத்து நிற்க வேண்டும். எந்த ஊருக்கு எது அரிதோ, அது அந்த ஊர்ப் பழமொழிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அடுத்தவர் பழமொழியைப் படிக்கும்போது இதைத்தான் பார்க்க வேண்டும். இதைச் சொன்னவருக்கு எது அரிதாக இருந்தது? எதைத் தொலைத்துவிட்டு இதைச் சொன்னார்? அந்தக் காரணம் நம் நிலத்திலும் இருந்தால் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கேட்டு ரசித்துவிட்டு விட்டுவிடலாம்.

உலர்புல்லின் காரணம் நம்மிடமும் இருக்கிறது. நிலக்கடலையைப் பிடுங்கி, அரைகுறையாகக் காயவைத்து மூட்டை கட்டினால் என்ன ஆகும்? பூசணம் பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகும். கடலைக் காயின் ஈரம் நூற்றுக்கு 8, 9 பங்குக்கு வர வேண்டும். கையில் எடுத்துக் குலுக்கினால் பருப்பு சலசலவென்று சத்தம் போட வேண்டும். அதுவரை களத்தைவிட்டு எடுக்காதீர்கள்.

ஒரு வருஷம் விதை விழுந்தால், ஏழு வருஷம் களை எடு

அங்கே சொல்லும் இன்னொரு பழமொழி இது. ஒரே ஒரு வருஷம் களையைப் பூத்து விதை உதிர்க்க விட்டுவிட்டால், ஏழு வருஷம் குனிந்து பறிக்க வேண்டியிருக்கும் என்று அர்த்தம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பகுதியில் ரோத்தம்ஸ்டெட் என்ற ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. அங்கே 'பிராட்பால்க்' என்ற வயலில் 1843-ம் ஆண்டு ஒரு கோதுமைச் சோதனையைத் தொடங்கினார்கள். இன்றுவரை அது நடந்துகொண்டிருக்கிறது. ஆரம்பத்தில் கையால்தான் களை எடுத்தார்கள். 1914-ல் முதல் உலகப்போர் வந்தது. ஆட்கள் போருக்குப் போய்விட்டார்கள், களை எடுக்க ஆளில்லை. களை மண்டியது. போர் முடிந்தும் களை அடங்கவில்லை. கடைசியில் 1920-களில் வயலின் ஒவ்வொரு பகுதியையும் முறைவைத்துத் தரிசாகப் போட்டு, உழுது உழுதுதான் களையைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. ஆராய்ச்சியாளர்கள் பார்த்துப் பார்த்துச் செய்த வயலுக்கே அந்த நிலை.

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. உதிர்ந்த களைவிதை எல்லாம் அடுத்த மழைக்கே முளைத்துவிடாது. ஒரு பகுதி முளைக்கும், மீதி உறங்கும். கோதுமை வயலில் வரும் பாப்பிச் செடியின் விதை பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். உழவில் மேலே வந்து வெளிச்சம் பட்டதும் முளைக்கும்.

நம் வரப்பில் நிற்கும் பார்த்தீனியமும் அப்படித்தான். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். பூ வெள்ளையாகத் தெரிந்தபின் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால், வரும் வருஷங்களின் களைக்கூலியை இன்றே கடன் எழுதிவிட்டோம் என்று அர்த்தம். பூக்கும் முன் பறிப்பதற்கு ஒரு ஆள் கூலிதான். கையுறை போட்டுக்கொண்டு பறியுங்கள். பார்த்தீனியம் தோலுக்கு ஆகாது.

விவசாயியின் காலடிதான் சிறந்த எரு

'நிலத்துக்குச் சிறந்த எரு, சொந்தக்காரனின் காலடி' என்கிறது இன்னொரு பழமொழி. இதை விளக்கவே வேண்டாம். சொந்தக்காரன் போய்ப் பார்க்காத நிலம் ஊடல் கொள்ளும் என்று திருவள்ளுவரும் சொல்லியிருக்கிறார்.

ஆனால், காலடி எப்படி எருவாகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 2018-ல் நம் மக்காச்சோளத்துக்குப் படைப்புழு வந்தது நினைவிருக்கும். முதல் சில நாட்கள் சின்னப் புழு இலையின் பச்சையத்தைச் சுரண்டும். இலையில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். அப்போது பார்த்தால் செலவு குறைவு, மருந்தும் படும். அதை விட்டுவிட்டால் புழு குருத்துக்குள் இறங்கி, தன் கழிவாலேயே வாயை அடைத்துக்கொள்ளும். அப்புறம் எந்த மருந்தை அடித்தாலும் உள்ளே போய்ச் சேராது. விதைத்த முதல் மாதத்தில் வாரம் இரண்டு முறை காட்டுக்குள் நடந்தவருக்கும், வரப்பில் பைக்கை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனவருக்கும் வித்தியாசம் இதுதான்.

இன்னொன்று. வரப்பில் நின்று சாய்வாகப் பார்த்தால் எந்த வயலும் அடர்த்தியாகத்தான் தெரியும். இடைவெளி தெரியாது. 'அடுத்த பக்கத்துப் புல்தான் எப்போதும் பச்சை' என்று அவர்கள் சொல்வது இதனால்தான். நம் காலடியில் குனிந்து பார்க்கிறோம், அதனால் மண் தெரிகிறது. பக்கத்துக்காரர் வயலைத் தூரத்திலிருந்து பார்க்கிறோம், பச்சை மட்டும் தெரிகிறது. அவர் என்ன போட்டார் என்று ஓடிப்போய் அதையே வாங்குவதற்கு முன், அவர் வயலுக்குள்ளும் ஒரு நடை நடந்து பாருங்கள்.

எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதே

ஆங்கிலப் பழமொழிகளில் நமக்கு மிகவும் பழக்கமானது இதுதான். பேங்க் மேனேஜர் முதல் பேச்சாளர் வரை எல்லாரும் சொல்வார்கள். இதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் பக்கத்துத் தீவான அயர்லாந்தே சாட்சி.

1845-ம் ஆண்டு. அயர்லாந்தின் ஏழை ஜனங்களுக்கு உருளைக்கிழங்குதான் சோறு. அதிலும் 'லம்பர்' என்ற ஒரே ரகம்தான் பெரும்பாலும். கிழங்கையே நட்டு வளர்ப்பதால் எல்லாச் செடியும் ஒரே வார்ப்பு. அந்த வருஷம் பின்கருகல் நோய் வந்தது. நம் நீலகிரி விவசாயிகளுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். ஒரு செடிக்கு வந்தது எல்லாச் செடிக்கும் வந்தது. பச்சையாக நின்ற வயல் சில நாளில் கருகி நாறியது. அடுத்தடுத்த வருஷங்களிலும் நோய் திரும்பி வந்தது. சுமார் 10 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் செத்தார்கள். இன்னும் 10 லட்சம் பேருக்கு மேல் கப்பலேறி நாட்டைவிட்டே போனார்கள்.

'ஒரே கூடையில் வைத்தது அவர்கள் தப்பு' என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கையில் இருந்தது துண்டு துக்காணி நிலம். அந்த நிலத்தில் ஒரு குடும்பத்துக்கு வயிறு நிறையச் சோறு போடும் பயிர் உருளைக்கிழங்கு ஒன்றுதான். தானியம் விளைந்தாலும் அது குத்தகைக்குப் போகும். பஞ்சம் நடந்த அந்த வருஷங்களிலேயே அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. அவர்களிடம் இருந்ததே ஒரு கூடை. அதையும் மற்றவர்கள்தான் முடிவு செய்திருந்தார்கள்.

பழமொழி சொல்வது சுலபம். இரண்டாவது கூடை வாங்க வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அரை ஏக்கர்காரருக்கும் கொஞ்சம் வழி இருக்கிறது: வரப்பில் நாலு முருங்கை, கொல்லையில் பத்துக் கோழி, கொட்டகையில் இரண்டு ஆடு. பயிர் போன வருஷம் வீட்டில் அடுப்பு எரிவது இவற்றால்தான்.

ஒன்று கவனிக்க வேண்டும். இரண்டு பயிர் வைத்தால் இரண்டு கூடை ஆகிவிடாது. தக்காளியும் கத்தரியும் வைத்தால், வாடல் நோய் இரண்டுக்கும் வரும். இரண்டும் ஒரே சந்தைக்குப் போகும். இரண்டும் ஒரே போர்வெல் தண்ணீரைக் குடிக்கும். பார்க்க இரண்டு, உண்மையில் ஒரே கூடைதான். நோய், தண்ணீர், சந்தை இந்த மூன்றில் ஒன்றாவது வேறாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பொரிக்கும் முன் குஞ்சை எண்ணாதே

அடைகாக்கும் கோழிக்கு 21 நாள் கணக்கு. பன்னிரண்டு முட்டை வைத்தால் பன்னிரண்டும் பொரிக்காது. பொரித்ததையும் பருந்து, கீரி, கழிச்சல் நோய் பங்குபோட்ட பிறகு மிஞ்சுவதுதான் நம்முடையது. 'பொரிக்கும் முன் குஞ்சை எண்ணாதே' என்று அங்கே சொன்னவள் கோழி வளர்த்த ஒரு கிழவியாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தப் பாடத்தை நான் வாழையில் கற்றுக்கொண்டேன். ஆயிரம் மரம், ஆயிரம் தார், தாருக்கு இவ்வளவு என்று நோட்டில் கணக்கெழுதி, அந்த நோட்டை நம்பி வீட்டுக்கு மேல்தளம் போட வட்டிக்கு வாங்கினேன். சித்திரையில் ஒரு சாயங்காலம் அரைமணி நேரம் அடித்த சூறைக்காற்றில் பாதி மரம் சாய்ந்தது. தார் போனது, வட்டி போகவில்லை. பயிரை நம்பிப் பயிருக்குக் கடன் வாங்குவது தொழில். பயிரை நம்பி வேறு செலவுக்குக் கடன் வாங்குவது பொரிக்காத குஞ்சை விற்பது.

'கடன் வாங்கப் போகிறவன் கவலை வாங்கி வருகிறான்' என்ற பொருளில் அவர்களிடம் ஒரு சொலவடை உண்டு. அதைத் தன் புத்தகத்தில் எழுதிவைத்தவர் தாமஸ் டஸ்ஸர். எசெக்ஸ் பகுதியில் பிறந்தவர், நன்றாகப் படித்தவர், பாடகர். பிரபு ஒருவரிடம் பத்து வருஷம் இசைக் கலைஞராக இருந்துவிட்டு விவசாயத்துக்கு வந்தார். எந்த மாதம் எதை விதைக்க வேண்டும், எதை அறுக்க வேண்டும், வீட்டை எப்படி நடத்த வேண்டும் என்று நூறு யோசனைகளைப் பாட்டாக எழுதி 1557-ல் வெளியிட்டார். 1573-ல் அது ஐந்நூறு யோசனைகளாக வளர்ந்தது. திரும்பத் திரும்ப அச்சான புத்தகம் அது. நாம் இன்று கேட்கும் பல ஆங்கில உழவுச் சொலவடைகள் அதில் இருக்கின்றன.

அவர் வாழ்க்கை எப்படி முடிந்தது தெரியுமா? மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் முதல் பண்ணையை விட்டார். பிறகு ஊர் ஊராக மாறினார். விவசாயம் அவருக்குக் கைகொடுக்கவே இல்லை. 1580-ல் லண்டனில், கடன்காரர்களை அடைக்கும் சிறையில் இறந்தார். அவர் போன பிறகு ஒரு கவிஞர் அவரைச் சாணைக்கல்லோடு ஒப்பிட்டார். கத்தியை எல்லாம் கூராக்கும். தான் மட்டும் மொட்டையாகவே இருக்கும்.

சிரிக்கத் தோன்றும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடனைப் பற்றி எச்சரித்தவரையே கடன் விழுங்கியது. தெரியாததால் மட்டும் விவசாயி கடனில் விழுவதில்லை. நோய் வருகிறது, வானம் ஏமாற்றுகிறது, நிலம் கைமாறுகிறது. கடனில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் பழமொழி சொல்லிப் புத்திமதி பேசுவதற்கு முன், டஸ்ஸரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எடுபடாத பழமொழிகள்

'அந்திவானம் சிவந்தால் மேய்ப்பனுக்கு மகிழ்ச்சி. காலைவானம் சிவந்தால் மேய்ப்பனுக்கு எச்சரிக்கை' என்பது இங்கிலாந்தில் பேர்போன மழைக்குறி. அங்கே இது பெரும்பாலும் பலிக்கும். காரணம், அந்த நாட்டுக்கு மழையும் வறட்சியும் பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகின்றன. சாயங்காலம் மேற்கு சிவந்தால், மேற்கே தூசி தங்கிய வறண்ட காற்று இருக்கிறது, அது நம்மை நோக்கி வருகிறது என்று பொருள். காலையில் கிழக்கு சிவந்தால், அந்த நல்ல வானிலை நம்மைத் தாண்டிப் போய்விட்டது.

இதை நம்பி ஐப்பசியில் நெல்லைக் களத்தில் விரித்துவைக்க முடியுமா? வடகிழக்குப் பருவமழை நமக்கு வங்கக்கடலிலிருந்து, கிழக்கே இருந்து வருகிறது. மேற்கே வானம் என்ன நிறம் காட்டினாலும் அதற்குக் கவலையில்லை. அதனால்தான் நம் பெரியவர்கள் ஐப்பசியில் ஈசானி மூலை மின்னுகிறதா என்று பார்த்தார்கள். குறி வேறு, காரணம் ஒன்று. எந்தத் திசையிலிருந்து மழை வருமோ, அந்தத் திசையைப் பார்.

அந்த ஊரிலேயே எடுபடாத குறியும் உண்டு. ஜூலை 15, புனித ஸ்விதின் நாள். அன்று மழை பெய்தால் 40 நாள் பெய்யும், காய்ந்தால் 40 நாள் காயும் என்பார்கள். பிரிட்டிஷ் வானிலைத் துறையின் பதிவேட்டில் ஒரு வருஷம்கூட அப்படி 40 நாளும் விடாமல் பெய்ததோ காய்ந்ததோ இல்லை. பழசு என்பதாலேயே ஒரு சொல் சரியாகிவிடாது. அங்கேயும் சரி, இங்கேயும் சரி.

பிள்ளைகளோடு பேச நான்கு பழமொழிகள்

பாடப்புத்தகத்தில் இவை வந்தால், வயலைக் காட்டி விளக்குங்கள்.

1. 'நேரத்தில் போட்ட ஒரு தையல், ஒன்பது தையலை மிச்சமாக்கும்.' வரப்பில் நண்டு வளை போட்ட அன்றே ஒரு கூடை மண் போட்டு மிதித்துவிடுவது. விட்டால் வரப்பே உடையும்.

2. 'குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டாதே.' கோமாரி ஊருக்குள் வந்த பிறகு ஓடுவதைவிட, வருஷத்துக்கு இரண்டு முறை முகாம் போடும்போதே மாட்டுக்குத் தடுப்பூசி போடுவது. பயிர்க்காப்பீட்டுக்குக் கடைசித் தேதிக்கு முன்பே பணம் கட்டுவதும் இதேதான்.

3. 'ஆணி போனதால் லாடம் போனது. லாடம் போனதால் குதிரை போனது.' டிராக்டரில் ஒரு நட்டு கழன்றதைக் கவனிக்காமல் விட்டு, உழவுப் பருவத்தில் நான்கு நாள் ஒர்க்‌ஷாப்பில் நிற்பது.

4. 'கிணறு வற்றினால்தான் தண்ணீரின் அருமை தெரியும்.' இதற்கு விளக்கம் தேவையில்லை. கிணற்றை எட்டிப் பார்க்கச் சொன்னால் போதும்.

கடிதம் எழுதிய அப்பாவுக்கு

உங்கள் மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: 'நீ கேட்டது சரிதாம்மா. அது வைக்கோல் இல்லை, காயவைத்த புல். அந்த ஊரில் மழை ஓயாது. அதனால் வெயில் வந்த அன்று எல்லா வேலையையும் விட்டுவிட்டுப் புல்லைக் காயவைப்பார்கள். நம்ம ஊரில் காற்று வந்தால் தூற்றுவோம் இல்லையா, அதே மாதிரி.'

அதோடு இன்னொன்றும் சொல்லுங்கள். 'எட்டாவதோடு நின்றுவிட்டேன்' என்று எழுதியிருந்தீர்கள். இந்தப் பழமொழிகளை உண்டாக்கியவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கவே தெரியாதவர்கள். நனைந்த புல்லையும், செத்த குஞ்சையும், களை மண்டிய வயலையும் பார்த்துப் பார்த்துச் சொல்லாக்கினார்கள். அது பிறகுதான் ஆங்கிலப் பாடமாகி உங்கள் மகள் கைக்கு வந்திருக்கிறது. மொழி அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைக்கும். பொருளைக் காட்ட உங்களால் முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வயலுக்குக் கூட்டிப்போங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஒரு பழமொழியையும், அது எந்த நஷ்டத்தில் பிறந்திருக்கும் என்று உங்களுக்குத் தோன்றும் காரணத்தையும் எழுதி அனுப்புங்கள். பழமொழி மட்டும் வேண்டாம். காரணமும் சேர்ந்து வரட்டும். வரும் இதழ்களில் பேசுவோம்.